வெத்திலைத் தட்டத்துச் சுண்ணாம்பும் சோளமும்: யாழ்ப்பாணத்து அடுப்பில் மிருதுவான டாக்கோ

கடையில் போய் ‘கோர்ன் ஃப்ளவர்’ என்று கேட்டால் ஒரு வெள்ளைப் பொடியை எடுத்துத் தருவார்கள். அது சோளத்தின் மாச்சத்து மட்டும். சூப்பைத் தடிப்பாக்க உதவும், டோர்ட்டியாவுக்கு உதவாது. டோர்ட்டியா என்பது மெக்சிக்கோவில் சோளமாவில் தட்டிச் சுடும் மெல்லிய வட்டம். அதில் மீனோ இறைச்சியோ வைத்து மடித்தால் அதுதான் டாக்கோ. காய்ந்த மஞ்சள் சோளத்தை மில்லில் கொடுத்துத் திரித்த மாவிலும் டோர்ட்டியா வராது. நான் இரண்டிலும் செய்து பார்த்தேன். கொதிநீர் விட்டு இடியப்ப மாவைப்போலக் குழைத்துத் தட்டினேன். ஓரமெல்லாம் வெடித்தது, கல்லில் திருப்பும்போது நாலாக உடைந்தது. கோதுமை மா கலந்தால் உடையாது. ஆனால் அப்போது அது ரொட்டிதான், சோளத்தின் மணம் எங்கேயும் இல்லை.

பிழை கையில் இல்லை, மாவில். மெக்சிக்கோவில் டோர்ட்டியாவுக்குச் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, காலையில் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்புக்காக நான் எங்கும் தேடிப் போகவில்லை. அம்மம்மாவின் வெத்திலைத் தட்டத்தில் இருந்தது.

“அம்மம்மா, கொஞ்சம் சுண்ணாம்பு தாங்கோ. சோளம் அவிக்க வேணும்.”

“சோளத்துக்குச் சுண்ணாம்போ? வயித்துக்கு ஒண்டும் செய்யாதோ பிள்ளை?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது

சோள மணியைச் சுற்றி ஒரு தடித்த தோல் இருக்கிறது. வெறும் தண்ணீரில் எவ்வளவு அவித்தாலும் அது கழராது. சுண்ணாம்புத் தண்ணீர் அந்தத் தோலைப் பிடித்துவைத்திருக்கும் நார்ப்பசையைக் கரைக்கிறது. தோல் வழுவழுப்பாகிக் கழன்று வரும். கரைந்த நாரில் ஒரு பங்கு பிசினாக மாறி மாவிலேயே தங்கும். மணிக்குள் இருக்கும் மாச்சத்தும் பாதி வெந்து இளகும். இவ்வளவும் சேர்ந்துதான் மாவை ஒட்டவைக்கிறது. கோதுமையில் உள்ள இழுவை சோளத்தில் கிடையாது, அந்த வேலையை இங்கே சுண்ணாம்பு செய்கிறது. டோர்ட்டியா மடித்தால் உடையாமல் இருப்பது இதனால்தான்.

உடம்புக்கும் இதில் நன்மை உண்டு. சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற விற்றமின் கட்டுண்டு கிடக்கும், நமது குடலால் அதை எடுக்க முடியாது. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. கல்சியமும் கூடுகிறது. மெக்சிக்கோ, குவாத்தமாலாப் பக்கத்து மக்கள் இதை மிகப் பழைய காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். குவாத்தமாலாவின் தெற்குக் கரையில் கி.மு. 1500 – 1200 காலத்துத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இப்படி அவித்த சோளத்துக்கு ‘நிஸ்டமால்’ என்று பெயர். மெக்சிக்கோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும் சோள மாவைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து வந்த பெயர் அது. சுண்ணாம்பு இல்லாத இடத்தில் விறகுச் சாம்பலிலும் அவித்திருக்கிறார்கள்.

1492க்குப் பிறகு சோளம் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. சுண்ணாம்பில் அவிக்கும் பக்குவம் கூட வரவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிற்றோட்டம் கண்டு, புத்தி தடுமாறும் ஒரு நோய் வந்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735இல் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் அதைக் கண்டு விவரித்தார். பிறகு அதற்கு பெலாக்ரா என்று பெயர் வந்தது. நியாசின் குறைவால் வரும் நோய் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது. எங்களுக்குச் சோறு பிரதானம் என்பதால் இந்தத் துன்பம் வரவில்லை.

அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: அளவோடு போட்டு, நன்றாகக் கழுவினால் ஒன்றும் செய்யாது. அளவு முக்கியம், கழுவுவதும் முக்கியம்.

சோளம் தெரிவது

முதலில் பெயர்க் குழப்பம். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்பதை நாங்கள் சோளம் என்கிறோம். அவர்கள் சோளம் என்பது எங்களுக்கு இறுங்கு. இங்கே வேண்டியது பொத்தியில் விளைகிற சோளம், நன்றாக முற்றிக் காய்ந்த மணி. அவித்துத் தின்னும் இளம் சோளம்பொத்தியிலோ, டின்னில் வரும் இனிப்புச் சோளத்திலோ மா பிடிக்காது.

இலங்கையில் அநுராதபுரம், மொனராகலை, அம்பாறைப் பக்கங்களில் பெருமளவு விளைகிறது. வன்னியிலும் போடுகிறார்கள். பெரும்பாலும் செம்மஞ்சள் நிறமான, கெட்டியான மணி. மெக்சிக்கோவில் டோர்ட்டியாவுக்கு விரும்புவது இதைவிட மாப்பிடிப்பான வெள்ளைச் சோளம். எங்கள் சோளத்துக்கு அவிக்கும் நேரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். சுவையில் குறை சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு பட்டதும் அந்த மஞ்சள் இன்னும் அடர்த்தியாகி, பார்க்கவே ஆசையாக இருக்கும்.

இரண்டு சோளத்தைத் தொடவே வேண்டாம். ஒன்று, விதைக்கென்று விற்கும் சோளம். அதில் பூச்சி, பூஞ்சண மருந்து பூசியிருப்பார்கள், கழுவினாலும் போகாது. மற்றது, கோழித்தீவனத்துக்கென்று மூட்டையில் கிடக்கும் சோளம். ஈரம் பட்ட சோளத்தில் வரும் பூஞ்சணத்தின் நஞ்சு அவித்தாலும் போகாது. சமையலுக்கென்று விற்கும் சோளத்தைத் திருநெல்வேலி, சுன்னாகம் சந்தைப் பக்கத்துத் தானியக் கடைகளில் கேளுங்கள். கையில் அள்ளி மணந்து பாருங்கள். புழுங்கல் நாற்றமோ கறுப்புப் புள்ளியோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

அளவு

ஏறத்தாழ 30 டோர்ட்டியாவுக்கு, அதாவது நாலைந்து பேர் வயிறாரச் சாப்பிட:

- காய்ந்த சோளம் 500 கிராம்
- வெத்திலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்புக் களி 10 கிராம், மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி
- தண்ணீர் 2 லீற்றர்
- உப்பு ஒரு தேக்கரண்டி, அரைக்கும்போது சேர்க்க

உலர்ந்த, நீற்றிய சுண்ணாம்புத் தூளாக இருந்தால் 5 கிராம் போதும். சோளத்தின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. களியில் பாதியளவு தண்ணீர் என்பதால்தான் அதற்கு இரட்டிப்பு எடுக்கிறோம்.

நிறமோ வாசனையோ கலக்காத சுண்ணாம்பு வேண்டும். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அதில் நீலமும் பசையும் கலந்திருக்கும். நீற்றாத சுட்ட சுண்ணாம்பும் கூடாது. தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். நீற்றிய களிகூடக் கண்ணில் பட்டால் எரிக்கும். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கரைக்க வேண்டாம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது, கேத்திலில் வெள்ளைப் படை கட்டுவது எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். அந்தத் தண்ணீரில் அவிக்கலாம். ஆனால் அது களிக்குப் பதிலாகாது, சோளத் தோலைக் கழற்றும் வலு அதில் இல்லை. கிணறு உவரானால் மட்டும் நல்ல தண்ணீர் எடுங்கள்.

மாலையில் அவிப்பது

எவர்சில்வர்ப் பாத்திரம் அல்லது மண்பானை. அலுமினியச் சட்டியில் செய்யாதீர்கள். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும், சட்டி கறுத்து அது சோளத்திலும் இறங்கும்.

சோளத்தை இரண்டு தண்ணீரில் அலசி, மிதக்கும் பதரை எடுத்துவிடுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் களியைக் கரைத்து, மிச்சத் தண்ணீரோடு பாத்திரத்தில் ஊற்றிச் சோளத்தைப் போடுங்கள். சில நிமிடங்களில் மணி பளிச்சென்று மஞ்சளாகும். அதைப் பார்த்தால் சுண்ணாம்பு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சிறு குமிழ் எழும்பினால் போதும். அரை மணித்தியாலம் கழித்து ஒரு மணியை எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் கழுவி, விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். தோல் வழுக்கிக் கழர வேண்டும். பிறகு கடித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் மெதுவாகவும், நடுவில் மாப்போல ஒரு வெள்ளைப் பொட்டு வேகாமலும் இருந்தால் அதுதான் பதம். இங்கத்தையச் சோளத்துக்கு எனக்கு 45 நிமிடத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் வரை எடுக்கிறது. நடுப்பொட்டும் வெந்துவிட்டால் அரைக்கும்போது கஞ்சிப் பசையாகிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் முன்னதாகவே இறக்குங்கள், மிச்சத்தை ஊறுவது பார்த்துக்கொள்ளும்.

2022இல் காஸ் இல்லாமல் எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்பியபோது நான் இதை முற்றத்து அடுப்பில் செய்தேன். தென்னம்மட்டை அணைந்து தணலான பிறகும் பானை அதன்மேலேயே இருந்தது. அந்த மெல்லிய சூடு சோளத்துக்கு மிகவும் நன்றாகப் பொருந்தியது.

இறக்கி, மூடி, அப்படியே இரவு முழுக்க விடுங்கள். 8 முதல் 12 மணித்தியாலம். உழுந்து ஊறப்போட்டுவிட்டுப் படுக்கும் வீட்டுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல.

காலையில் கழுவி அரைப்பது

மூடியைத் திறந்தால் ஒரு மணம் வரும். புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் மழை பட்ட மணமும், அவித்த சோளத்தின் மணமும் கலந்தது. டாக்கோவின் மணம் இங்கேதான் பிறக்கிறது.

மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையால் மெல்லத் தேய்த்து மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். தோலில் பெரும்பகுதி மிதந்து போகும். ஒரு மணியில்கூடத் தோல் இருக்கக் கூடாது என்று தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கொஞ்சம் தோல் தங்கினால்தான் முன்பு சொன்ன பிசின் மாவில் இருக்கும். கழுவிய தண்ணீர் தெளிந்து, மணியை நக்கினால் நாக்கில் சுரீரென்று எதுவும் படாமல் இருந்தால் போதும். முதல் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்ற வேண்டாம். எங்கள் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே போதுமானது.

இனி அரைப்பது. இந்த வழிகாட்டியில் கை நோகும் இடம் இது ஒன்றுதான். மெக்சிக்கோவில் பழைய முறைப்படி ‘மெட்டாட்டே’ என்ற சரிவான கல்லில், உருளைக் கல்லால் இழுத்து இழுத்து அரைப்பார்கள். பெண்கள் அதன் முன்னால் முழங்காலில் இருந்து அரைக்கும் படத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பின்வளவு அம்மியும் குழவியும்தான் நினைவுக்கு வந்தன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, மணியை வெட்டாமல் நசித்துத் தேய்க்கின்றன. அதில்தான் மா ஒட்டும் பதத்துக்கு வருகிறது.

ஆனால் 500 கிராமையும் அம்மியிலேயே அரைக்க எல்லோராலும் முடியாது. நான் செய்வது இப்படி: மிக்சியில் ஒரு கோப்பை மணிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு, விட்டுவிட்டுச் சுழற்றி, ரவைப் பதத்துக்கு எடுக்கிறேன். ஒரேயடியாக ஓடவிட்டால் மா சூடேறிக் களியாகும். பிறகு உப்பைச் சேர்த்து, கைப்பிடி கைப்பிடியாக அம்மியில் வைத்து இரண்டு மூன்று இழுவை. அம்மி இல்லாத வீட்டில் மிக்சியிலேயே இன்னும் நுணுக்கமாக அரைக்கலாம், டோர்ட்டியா கொஞ்சம் கரகரப்பாக வரும், உடையாது. கல் கிரைண்டரிலும் அரைபடும், ஆனால் தோசை மா அளவுக்குத் தண்ணீர் கேட்கும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் கூடிவிட்டதா? மாவை வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, 20 நிமிடம் விடுங்கள். அப்போதும் ஒட்டினால் வறுத்த அரிசிமா ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பிசையுங்கள். அரிசிமா கலப்பது மெக்சிக்கோ முறையல்ல, ஆனால் சமையலை மீட்டுக் கொடுக்கும்.

இந்த அளவுக்கு ஏறத்தாழ 900 கிராம் மா வரும். ஐந்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வையுங்கள். பதம் பார்க்க ஒரு சிறு உருண்டையைப் பெருவிரலால் அழுத்துங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் காணாது, ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளித்துப் பிசையுங்கள். கையில் அப்பிக்கொண்டால் கூடிவிட்டது. கையில் ஒட்டாமல், ஓரம் வழுவழுப்பாக அமுங்க வேண்டும். குயவர் கைக்களிமண் என்று சொன்னால் பொருந்தும்.

வெளிநாட்டில் இருந்து மா வந்திருந்தால்

கனடாவில், லண்டனில் இருந்து யாராவது வரும்போது ‘மாசா ஹரீனா’ ஒரு பக்கெட் கொண்டுவரச் சொல்லலாம். சுண்ணாம்பில் அவித்து, அரைத்து, உலர்த்திய மா அது. மசேக்கா என்ற மெக்சிக்கோ நிறுவன மா பரவலாகக் கிடைக்கும். 240 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பும், 350 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரும். பிசைந்து அரை மணித்தியாலம் மூடி வைத்தால் 16 டோர்ட்டியாவுக்குக் காணும். வேலை மிகவும் குறைவு, நல்ல டோர்ட்டியாவும் வரும். ஈரச் சோளத்தில் அரைத்ததன் மணம் அதில் பாதிதான். முதன்முதலில் செய்பவர்கள் இதில் தட்டவும் சுடவும் பழகிக்கொண்டு, பிறகு சோளத்துக்கு வருவது நல்லது என்று நினைக்கிறேன்.

தட்டுவது

30 கிராம் உருண்டை, ஒரு பெரிய தேசிக்காய் அளவு. மெக்சிக்கோவில் இதற்கென்று இரண்டு தட்டு இணைந்த அழுத்தி இருக்கிறது. பருத்தித்துறை வடை தட்டத் தெரிந்தவர்களுக்கு அது தேவையில்லை. தடித்த பொலித்தீன் பையை இரண்டு வட்டமாக வெட்டுங்கள். ஒன்றின்மேல் உருண்டையை வைத்து, மற்றதால் மூடி, அடி தட்டையான கனத்த சட்டியால் நேராக அழுத்துங்கள். கொஞ்சம் சுழற்றி இன்னொரு தரம். 12 – 13 சென்ரிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் வர வேண்டும். வடையைவிடக் கொஞ்சம் அகலம்.

மேல் பொலித்தீனை உரித்து, டோர்ட்டியாவை உள்ளங்கையில் கவிழ்த்து, மற்றப் பொலித்தீனை மெதுவாக உரியுங்கள். மாவை உரிக்கப் பார்க்காதீர்கள், பொலித்தீனைத்தான் மாவில் இருந்து உரிக்க வேண்டும். ஒட்டினால் மா ஈரம் என்று அர்த்தம். எண்ணெய் பூசுவதைவிட மாவைச் சரிசெய்வதே நல்லது.

கல்லில்

இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடி மறையும் சூடு. எண்ணெய் இல்லை.

கையில் இருந்து கல்லுக்குப் போடும்போது தோசைபோல ஊற்றும் கை அல்ல, துணியை விரிக்கும் கை. முதல் பக்கம் 15 – 20 வினாடி, ஓரம் கல்லை விட்டு எழும்பியதும் திருப்புங்கள். இரண்டாம் பக்கம் ஒரு நிமிடம் வரை, அடியில் மண்ணிறப் பொட்டுகள் விழும்வரை. மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்புங்கள். இப்போது மடித்த துணியால் நடுவில் மெல்ல ஒரு தட்டு. மா பதமாகவும் கல் சூடாகவும் இருந்தால் டோர்ட்டியா பூரிபோல ஊதி எழும்பும். எழும்பாவிட்டாலும் சாப்பிடலாம், ஆனால் எழும்பியது உள்ளே ஆவியில் வெந்திருக்கும், அதன் மிருதுவே தனி. என் வீட்டில் முதல் நாலைந்து எழும்பாது. கல் பழக வேண்டும்.

முதல் பக்கத்தை நீண்ட நேரம் விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அந்தப் பக்கம் வறண்டு தோல் கட்டிவிட்டால் ஆவி வெடித்து வெளியே போகும், டோர்ட்டியா பப்படம்போல விறைக்கும்.

பனையோலைப் பெட்டியில்

கல்லில் இருந்து எடுத்ததும் டோர்ட்டியா கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். அதைத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் எல்லாம் வீண். மூடியுள்ள பனையோலைப் பெட்டிக்குள் பருத்தித் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துணியால் மூடி, பெட்டியையும் மூடுங்கள். 15 நிமிடத்தில் அதன் ஆவியே அதை இளக்கிவிடும். மெக்சிக்கோவிலும் இதைப்போல ஓலையில், புல்லில் பின்னிய கூடையில் துணி விரித்துத்தான் வைக்கிறார்கள். பிளாஸ்ரிக் பெட்டியில் வியர்த்து, அடியில் இருப்பது நொசநொசத்துப் போகும். ஓலை அந்த ஈரத்தை மெல்ல வெளியே விடும். சந்தையில் புதிதாகப் பின்னிய பெட்டி கண்டால் ஒன்றை டோர்ட்டியாவுக்கென்றே வாங்கி வையுங்கள்.

உள்ளே வைப்பது

டாக்கோ என்றதும் மடித்துப் பொரித்த மொறுமொறு ஓடு நினைவுக்கு வந்தால், அது அமெரிக்காவில் பரவிய வகை. மெக்சிக்கோவின் தெருக்கடைகளில் பெரும்பாலும் சின்ன, மிருதுவான டோர்ட்டியாதான். குழம்பு ஊறிக் கிழியாமல் இருக்க இரண்டை அடுக்கியும் தருவார்கள். உள்ளே வைப்பது இரண்டு மேசைக்கரண்டி அளவு. அளவு கூடினால் கையில் நிற்காது.

எங்கள் கறியை அப்படியே வைக்கலாமா என்று கேட்பார்கள். தேங்காய்ப்பால் விட்ட குழம்பு வேண்டாம், சோளத்தின் மணத்தை மூடிவிடும். பிரட்டல் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது மீன். பாசையூரில் காலையில் வாங்கிய அறக்குளா அல்லது பாரை, முள் நீக்கி விரல் நீளத் துண்டுகளாக 500 கிராம். மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள் கொஞ்சம், மிளகு, உப்பு, பாதித் தேசிக்காய்ச் சாறு. 20 நிமிடம் ஊறியதும் சிறிது எண்ணெயில் இரு பக்கமும் பொரித்து எடுங்கள். மேலே மெல்லிசாக அரிந்து, தேசிக்காயும் உப்பும் பிசிறிய கோவா. அதன்மேல் தயிரில் ஒரு கரண்டி. மெக்சிக்கோவின் பாஹா கலிபோர்னியாக் கரையில் மீன் டாக்கோவுக்குக் கோவாவும் வெள்ளைச் சோசும்தான் வைப்பார்கள், அந்தச் சோசுக்குப் பதில் எங்கள் தயிர். கணவாய், இறால் கிடைத்தாலும் இதே வழிதான், நெருப்பில் நேரத்தை மட்டும் குறையுங்கள்.

கோழிக்கு: செத்தல் மிளகாய் எட்டை விதை தட்டி, கல்லில் இலேசாக வாட்டி, சுடுநீரில் ஊறவிட்டு, நாலு பல்லு உள்ளி, அரைத் தேக்கரண்டி நற்சீரகம், சிறு துண்டு கறுவா, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, உப்பு சேர்த்து அரையுங்கள். 600 கிராம் கோழித் தொடையில் பூசி, அரைக் கோப்பைத் தண்ணீரில் மூடி அவித்து, எலும்பில் இருந்து பிய்த்து, வற்றப் பிரட்டுங்கள். கறித்தூள் போடாதீர்கள். கை தானாகவே அந்தத் தூளுக்குப் போகும், தெரியும், ஆனால் அப்போது அது எங்கள் கோழிப் பிரட்டல் ஆகிவிடும்.

நல்லூர்க் கொடியேறி 25 நாளும் மச்சம் சமைக்காத வீடுகளுக்கு, வெள்ளிக்கிழமைகளுக்கு, கௌபி நல்லது. ஊறவைத்து அவித்து, வெங்காயமும் உள்ளியும் வதக்கிய எண்ணெயில் போட்டு, அகப்பையால் நசித்துக் கிண்டினால் மெக்சிக்கோவின் நசித்த அவரைக்குப் பக்கத்தில் வரும்.

சல்சா இல்லாமல் டாக்கோ இல்லை. தக்காளி நாலு, பச்சைமிளகாய் நாலு, சின்ன வெங்காயம் ஆறு, தோலோடு உள்ளி மூன்று பல்லு. எல்லாவற்றையும் எண்ணெய் இல்லாத கல்லில் கரும்பொட்டு விழ வாட்டுங்கள். உள்ளித் தோலை உரித்து, உப்போடு அம்மியில் கொரகொரப்பாக அரைத்து, தேசிக்காய் பிழியுங்கள். பச்சைச் சல்சாவுக்கு அங்கே டோமட்டீயோ என்ற புளிப்பான காயைப் போடுகிறார்கள். இங்கே நல்ல காய்த் தக்காளியில் செய்தால் புளிப்பு மிக நெருங்கி வரும். தேங்காய்ப்பூ மட்டும் சேர்க்காதீர்கள்.

சாப்பிடும்போது மேலே பொடியாக அரிந்த வெங்காயம், மல்லி இலை, தேசிக்காய். சுருட்டாமல் இரண்டாக மடித்து, தலையைச் சரித்துச் சாப்பிட வேண்டும். எல்லோரும் சமையலறையிலேயே நின்று, பெட்டியில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடுவதுதான் நல்லது. மேசையில் அடுக்கி ஆறவைத்தால் பாதிச் சுவை போய்விடும்.

மிஞ்சினால்

அரைத்த மா எங்கள் வெக்கையில் பின்னேரத்துக்குள் புளிக்கத் தொடங்கும், அன்றே சுட்டுவிடுங்கள். அவித்துக் கழுவிய சோளத்தை அரைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். அதனால் நான் ஒரு கிலோவாக அவித்து, பாதியை அரைத்து, பாதியை மறுநாளுக்கு வைப்பதுண்டு.

சுட்ட டோர்ட்டியா மிஞ்சினால் துணியில் சுற்றி நீத்துப்பெட்டியில் வைத்து, பிட்டு அவிப்பதுபோல இரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள். காலையில் இருந்த மிருது திரும்பி வரும். மூன்றாம் நாள் டோர்ட்டியாவை ஆவியும் காப்பாற்றாது. அதை ஆறு துண்டாக வெட்டி, கொஞ்சம் உலரவிட்டு, எண்ணெயில் பொரித்து உப்புத் தூவினால் பின்னேரத் தேத்தண்ணிக்கு நல்ல கடி. அம்மம்மாவுக்குப் பல்லுக் கொஞ்சம் என்பதால் அவவுக்கு மட்டும் மிருதுவானதை எடுத்து வைப்போம். அவ அதைக் கட்டைச் சம்பலோடுதான் சாப்பிடுவா.